ராக்கெட் ஏறிவிட்டது, சாட்டிலைட்டைச் சோதித்துப் பார்க்க எதற்குத் தனி அனுமதி?

பணகுடிக்காரன்:

2025 டிசம்பர் 24 காலை இஸ்ரோவின் எல்விஎம்3-எம்6 ராக்கெட் ஏறியதை இங்கே பாதிப் பேர் நேரலையில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்தது ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் புளூபேர்ட் பிளாக்-2. எடை சுமார் 6,100 கிலோ. இந்திய மண்ணிலிருந்து இதற்கு முன் இவ்வளவு கனமான செயற்கைக்கோள் போனதில்லை. அந்த ராக்கெட்டின் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின் எங்கள் மகேந்திரகிரியில் எரித்துப் பார்த்து அனுப்பப்படுவது. அதனால் எங்கள் பக்கம் டீக்கடை வரைக்கும் இதே பேச்சு.

மேலே போய் விரிந்தால் அதன் ஆன்டெனா ஏறக்குறைய 2,400 சதுர அடி. சென்னைக்காரர்கள் ஒரு கிரவுண்டு என்பார்கள், நம் கணக்கில் ஐந்தரை சென்ட். நம் கையில் இருக்கிற சாதாரணப் போனோடு நேராகப் பேசத்தான் அவ்வளவு பெரிய ஆன்டெனா. தனி டிஷ் வேண்டாம், சாட்டிலைட் போனும் வேண்டாம்.

இப்போது என் சந்தேகம். இதே கம்பெனியின் முதல் ஐந்து புளூபேர்டுகள் 2024 செப்டம்பர் 12 அன்று ஏறின. அமெரிக்காவுக்குள் ஏடி அண்ட் டி, வெரைசன் கம்பெனிகளின் அலைக்கற்றையில், போனோடு சேர்த்துச் சோதித்துப் பார்க்க அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தற்காலிக அனுமதி கொடுத்தது 2025 தொடக்கத்தில். ஏற்றும் முன்பே உரிமம் வாங்கியிருப்பார்கள் இல்லையா? கோடிக்கணக்கில் கொட்டி மேலே அனுப்பிய பொருளை ஆன் செய்து பார்க்கவே மறுபடியும் மனுப் போட வேண்டும் என்றால் என்ன நியாயம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாகையடி முக்கு:

ஆபீஸ் என்றால் வாஷிங்டனிலும் ஆபீஸ்தான் வே. சாப்பாட்டு நேரம் முடிந்து வரச் சொல்லியிருப்பான்.

பாளை பெருசு:

தம்பி பணகுடி, எஞ்சினைச் சோதித்தால் நெருப்பு மகேந்திரகிரி வேலிக்குள்ளேயே நின்றுவிடும். ரேடியோ அலையை எந்த வேலியும் நிறுத்தாது. அங்கிருந்து தொடங்குவோம்.

நான் தரைநிலைய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது புவிநிலைச் செயற்கைக்கோள்கள், அதாவது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிபவை. புளூபேர்ட் மாதிரி 500 சொச்சம் கிலோமீட்டரில் ஓடுவதைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

உரிமம் என்பது ஒரு சாட்டிலைட்டுக்குப் பொத்தாம்பொதுவாகக் கிடைப்பதில்லை. இன்ன டிகிரியில் (அதாவது வானத்தில் அது நிற்கும் இடம்), இன்ன அலைவரிசையில், இன்ன திறனில் என்று வரி வரியாக எழுதித்தான் தருவார்கள். ஆனால் புதிதாக ஏறியதைப் பல சமயம் நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்த மாட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பழைய சாட்டிலைட் டிவி சேனல்களைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கும். அதே அலைவரிசையில் புதியதைப் பக்கத்தில் வைத்து முழுத் திறனில் ஓட்டினால் இரண்டு சிக்னலும் கெட்டுப்போகும். ஆகவே சில டிகிரி தள்ளி, காலியாக இருக்கும் ஓர் இடத்தில் நிறுத்திச் சோதிப்பார்கள். அந்த உயரத்தில் ஒரு டிகிரி என்றால் சுமார் 735 கிலோமீட்டர். கையில் இருக்கும் உரிமம் அந்தக் காலி இடத்துக்குச் செல்லாது. தனி அனுமதி கேட்பதன் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் சோதனையின் தன்மை. வழக்கமான சேவையில், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரைக் கொஞ்சம் அடக்கித்தான் ஓட்டுவோம். சோதனையில் ஒவ்வொன்றையும் அதன் உச்சம் வரை தள்ளிப் பார்க்க வேண்டும். எவ்வளவு திறன் வெளியே வருகிறது, எவ்வளவு மெல்லிய சிக்னலைப் பிடிக்கிறது, ஒரு துருவமுனைப்பில் (அலை அதிரும் திசையில்) போட்டது இன்னொன்றில் எவ்வளவு கசிகிறது, எல்லாம் அளக்க வேண்டும். அப்புறம் பீமின், அதாவது சாட்டிலைட் தரையை நோக்கிப் பாய்ச்சும் அலையின் வடிவம். அதற்குச் சாட்டிலைட்டையே இம்மி இம்மியாகச் சாய்ப்பார்கள். தரைநிலையம் இருந்த இடத்திலேயே இருக்கும், பீமின் நடுவும் ஓரமும் அதன் மேல் ஒவ்வொன்றாகக் கடந்து போகும், அதை அளந்து வரைவார்கள். நம் நாட்டில் ஹாசன் கட்டுப்பாட்டு மையத்தில் செய்கிற வேலை இது. அப்படிச் சாய்க்கும் நேரத்தில், வழக்கமாக விழவே விழாத ஒரு நாட்டின் மேல் அந்த பீம் விழும். அந்த நாட்டுக்காரன் என்ன ஏது என்று கேட்பான் இல்லையா?

அம்பை கேபிள்:

பெருசு சொன்னதற்கு என் மொட்டைமாடியே சாட்சி. கேபிள் தொழிலில் இருக்கிறேன். 83 டிகிரி கிழக்கில் நிற்கும் சாட்டிலைட்டைப் பிடிக்க நம் ஊரில் டிஷ்ஷை ஏறத்தாழ 78 டிகிரி நிமிர்த்த வேண்டும். வானத்தைப் பார்த்து மல்லாக்கப் படுத்திருக்கிற மாதிரிதான் இருக்கும். மழைத்தண்ணீர், வேப்பஞ்சருகு, காக்கா போட்ட எலும்பு எல்லாம் அதற்குள்ளேதான். இவ்வளவு நிமிர்ந்திருக்கிற டிஷ்ஷுக்குத் தரையிலிருந்து தொந்தரவு வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

5ஜி வந்தது. 2022 ஏலத்தில் விட்டது 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ். எங்கள் டிஷ் பிடிக்கும் சி-பேண்ட் அலைவரிசை 3,700இல் தொடங்குகிறது. நடுவில் இருப்பது வெறும் 30. தெருமுனையில் டவர் வந்த வாரமே படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. டவர்க்காரன் தன் எல்லையைத் தாண்டவே இல்லை. ஆனால் 36,000 கிலோமீட்டர் தாண்டி வருகிற மெல்லிய சிக்னலைப் பெருக்குவதற்காக டிஷ்ஷில் மாட்டும் எல்என்பி, பக்கத்திலேயே கத்துகிறவன் சத்தத்தில் திணறிப்போகிறது. கடைசியில் ஃபீடுக்கும் (டிஷ்ஷில் குவியும் அலையை வாங்கும் குழல்) எல்என்பிக்கும் நடுவே ஒரு பில்டர் மாட்டினோம். கையகல அலுமினியத் துண்டு, ரப்பர் வளையம், நாலு பக்கமும் போல்ட். வளையம் கொஞ்சம் பிசகினாலும் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கிவிடும். செலவு என் தலையில். சீரியல் நேரத்தில் வீட்டு வாசலுக்கே வந்து நின்றவர்களுக்குப் பதில் சொன்னதும் நான்தான்.

ஆக, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செய்யச் சொல்வதில் தப்பே இல்லை என்பது என் கட்சி.

வர்ஜீனியா நெல்லைக்காரன்:

இந்த விண்ணப்பங்களைத் தயாரிப்பதுதான் இங்கே எனக்குச் சோறு போடுகிற வேலை. அமெரிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எஃப்சிசியில் இதற்குப் பெயர் சிறப்புத் தற்காலிக அனுமதி. 30 நாள், 60 நாள், 180 நாள் என்று மூன்று வகையாகத் தரலாம். நிரந்தர உரிமத்துக்கு மனுப் போடும் எண்ணமே இல்லையென்றால் 30. போடப்போகிறோம் என்றால் 60. பொது அறிவிப்பு வெளியிட்டு, மற்றவர்கள் கருத்துச் சொல்ல இடம் கொடுத்த பிறகு என்றால் 180 வரை. வேலை தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னதாக மனு போய்ச் சேர வேண்டும். மூன்று நாள் என்பது விதியில் உள்ள அடித்தளம். அதை நம்பி யாரும் ராக்கெட் ஏற்றுவதில்லை.

பணகுடி கேட்ட கேள்விக்கு நேரான பதில் அந்த விதியிலேயே ஒரு வாக்கியமாக இருக்கிறது. அவசரமும் அசாதாரணமும் ஆன காரணம் காட்ட வேண்டும். விண்ணப்பதாரரின் சௌகரியம், அதாவது விற்பனைக் கணக்கு, வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி போன்றவை, காரணமாகாது. இதை நான் ஒவ்வொரு புதுக் கம்பெனிக்கும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ‘முதலீட்டாளர்கள் காத்திருக்கிறார்கள்’ என்று முதல் பத்தியிலேயே எழுதிக்கொண்டு வருவார்கள். அதை அடித்துவிட்டு, இந்தச் சோதனை நடக்காவிட்டால் சாட்டிலைட்டின் பாதுகாப்புக்கோ பொதுநலனுக்கோ என்ன கெடும் என்று எழுதச் சொல்வேன்.

கிடைக்கும் அனுமதியில் வழக்கமாக இருக்கும் நிபந்தனைகள்: யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது. மற்றவர்களால் உனக்கு இடையூறு வந்தால் புகார் சொல்லும் உரிமை உனக்கு இல்லை. இடையூறு என்று தகவல் வந்த நொடி நிறுத்த வேண்டும். அந்தத் தகவலை வாங்க 24 மணி நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். பின்னால் நிரந்தர உரிமம் கிடைக்கும் என்பதற்கு இது உத்தரவாதம் ஆகாது. எல்லாம் உன் சொந்தப் பொறுப்பு.

புளூபேர்ட் போலத் தாழ ஓடுபவற்றில் இரண்டு அனுமதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாட்டிலைட்டைக் கட்டுப்படுத்தும் சிக்னல்கள் ஒன்று. அது இல்லாமல் ஏற்றவே முடியாது, ராக்கெட்டிலிருந்து பிரிந்த நிமிடத்திலிருந்து அது வேண்டும். போனோடு பேசும் பீம் இன்னொன்று. அந்த அலைவரிசை ஏற்கெனவே தரையில் இருக்கும் டவர்களுக்குச் சொந்தமானது. அதே அலையை மேலிருந்தும் போடப்போகிறாய் என்றால் கேள்வி வரத்தான் செய்யும். நீங்கள் சொன்ன 2025 அனுமதி இந்த இரண்டாவது வகை.

பணகுடிக்காரன்:

புரிகிறது அண்ணாச்சி. ஆனாலும் மேலே பல மாதம் சும்மா ஓடவிடுவது நஷ்டம்தானே? ஆயுள் குறைந்துகொண்டே போகிறது, கடனுக்கு வட்டி ஏறுகிறது. பத்து நிமிடம் ஆன் செய்து பார்த்துவிட்டு அணைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

வர்ஜீனியா நெல்லைக்காரன்:

ஒரு கம்பெனி அப்படி நினைத்தது. கதை நம் ராக்கெட்டில்தான் நடந்தது.

ஸ்வார்ம் டெக்னாலஜிஸ் என்று கலிபோர்னியாவில் ஒரு சின்னக் கம்பெனி. ஸ்பேஸ்பீ என்ற நாலு குட்டிச் சாட்டிலைட்டுகள் செய்தார்கள். 10 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 2.8 சென்டிமீட்டர் தடிமன். இவ்வளவு மெலிசாக இருந்தால் தரையிலிருந்து ரேடாரில் தொடர்ந்து பார்க்க முடியாமல் போகலாம், மற்றவற்றோடு மோதினால் யார் பொறுப்பு என்று சொல்லி 2017 டிசம்பரில் எஃப்சிசி அனுமதி மறுத்தது. அடுத்த மாதம், 2018 ஜனவரி 12 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி40 ஏறியபோது அந்த நாலும் உள்ளே இருந்தன. போனதோடு நில்லாமல் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த தரைநிலையங்களோடு பேசவும் வைத்தார்கள். விசாரித்தபோது, இதற்கு முன்பே வானிலை பலூனை வைத்து அனுமதியில்லாமல் சோதனை செய்ததும் வெளியே வந்தது. 2018 டிசம்பரில் 9 லட்சம் டாலர் கட்டினார்கள். தொகை ஒருபக்கம் இருக்கட்டும். அடுத்த சாட்டிலைட்டுகளுக்கான அவர்களுடைய விண்ணப்பங்கள் அதே மேசையில்தான் கிடந்தன. தொழிலில் அதுதான் பெரிய பயம்.

வாகையடி முக்கு:

மீதிக் கதையையும் சொல்லும் வே. 2021இல் ஸ்பேஸ்எக்ஸ் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொண்டது. கேட்காமல் ஏற்றினவன் பிழைத்தான், கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் வட்டி கட்டுகிறான்.

பாளை பெருசு:

வாகையடி சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்வார்ம் பிழைத்தது அபராதம் கட்டி, முறைப்படி திரும்ப வந்து அனுமதி வாங்கி மற்றவற்றை ஏற்றியதால். அந்தப் பகுதியை விட்டுவிட்டீர்.

‘பத்து நிமிடம் ஆன் செய்து அணைத்தால் யாருக்குத் தெரியும்’ என்று பணகுடி கேட்டதற்கு வருகிறேன். தெரியும். கடலோரத்தில் ஒரு ஏடிஎம்முக்கு, சாட்டிலைட்டோடு பேசும் விசாட் என்ற சின்ன டிஷ் வைத்தால்கூட, அதை அலைபரப்ப விடுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. டெக்னீஷியன் டிஷ் பக்கத்தில் நிற்பான். மறுமுனையில், வேறொரு நகரத்தில், மையத்துக்காரர் அலைகளைத் திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சரி என்ற பிறகுதான் வெறும் ஊசி போல ஒரு சிக்னலை மேலே விட வேண்டும். அது தவறான துருவமுனைப்பில் எவ்வளவு கசிகிறது என்று அவர் பார்ப்பார். 30 டெசிபெல் வித்தியாசம் வரவில்லையென்றால் விடமாட்டார். போல்ட்டைத் தளர்த்தி, ஃபீடை மயிரிழை திருப்பி, ‘இன்னும் கொஞ்சம், அந்தப் பக்கம், நிறுத்து, பின்னாடி வா’ என்று அவர் சொல்லச் சொல்ல, உச்சி வெயிலில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு திருப்புவான். போல்ட்டை இறுக்கும்போது ஃபீடும் சேர்ந்து நகர்ந்துவிடும். திரும்ப முதலிலிருந்து. நல்ல டெக்னீஷியன் அந்த நகர்வையும் கணக்கில் வைத்து, கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி இறுக்குவான்.

ஒரு சின்ன டிஷ்ஷுக்கே இந்தக் கவனம். பல டிரான்ஸ்பாண்டர் கொண்ட ஒரு சாட்டிலைட் ஆன் ஆனால் பக்கத்து டிகிரிக்காரரின் திரையில் அடுத்த நொடி தெரிந்துவிடும். அவர் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதம் கையில் இருந்தால், ‘உங்கள் சோதனைதானா? சரி, அந்த ஒரு டிரான்ஸ்பாண்டரை மட்டும் அணையுங்கள்’ என்று பேச்சு முடியும். கடிதம் இல்லையென்றால் ஜெனிவாவில் ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ வரைக்கும் போகும்.

இன்னொன்று, சோதனை என்பது பெயருக்கு நடப்பதில்லை. 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறிய வயாசாட்-3 நல்லபடியாகத்தான் சுற்றுப்பாதைக்குப் போனது. அதன் பெரிய ஆன்டெனா சரியாக விரியவில்லை. திட்டமிட்ட கொள்ளளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தேறும் என்று கம்பெனியே அறிவித்தது. மேலே வைத்து அளந்து எடுத்த எண்களை வைத்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பேசுவான். அனுமதியில்லாமல் ஆன் செய்து எடுத்த அளவை அவனிடம் எப்படிக் காட்டுவாய்?

காந்தக்கோடு:

அயனிமண்டலம், அதாவது வானில் உயரே மின்னேற்றம் கொண்ட அடுக்கு பற்றி ஆய்வு செய்கிறேன். அனுமதியின் இன்னொரு பக்கத்தை யாரும் தொடவில்லை. அனுமதி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் சோதனை நடக்கிறது. டெக்சாஸில் அனுமதி கிடைத்தால் டெக்சாஸில் அளப்பார்கள். ஏஎஸ்டியின் சோதனைச் சாட்டிலைட் புளூவாக்கர்-3 வழியாக 2023இல் முதல் குரல் அழைப்பு போனதும் டெக்சாஸில் இருந்துதான், ஜப்பானுக்கு.

டெக்சாஸ் வானமும் நம் வானமும் ஒன்றில்லை. காந்த நடுக்கோடு நம் மாவட்டத்தை ஒட்டிப் போகிறது. 1963இல் ராக்கெட் ஏவிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கோட்டுக்காகத்தான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் நம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதற்காகத்தான். பொழுது சாய்ந்த பிறகு இந்தக் கோட்டுக்கு மேலே அயனிமண்டலத்தின் அடியிலிருந்து குமிழிகள் மாதிரி அடர்த்தி குறைந்த பகுதிகள் கிளம்பி உயரும். அவற்றின் ஊடாக வரும் அலை தரையில் மினுங்கும், அதாவது வலு ஏறி இறங்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். அலைவரிசை குறையக் குறைய பாதிப்பு கூடும். அம்பை அண்ணாச்சியின் சி-பேண்ட் ஓரளவு தப்பிக்கும், டிடிஎச் டிஷ்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் போனோடு பேசும் பீம் 850 மெகாஹெர்ட்ஸ் பக்கம்.

அதனால் நான் எதிர்ப்பக்கமாகக் கேட்கிறேன். தற்காலிக அனுமதி கொடுப்பதில் நம் அரசு கஞ்சத்தனம் பண்ணாமல், ‘இங்கே வந்தும் சோதி, மாலை 7 மணிக்குமேல் திருநெல்வேலியில் சோதி, அளவுகளை எங்களுக்கும் கொடு’ என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தால் என்ன?

பாளை பெருசு:

நல்ல யோசனை அம்மா. ஒரு சின்ன இடையீடு: மினுங்கல் மிக மோசமாக இருப்பது கோட்டின் மேலேயே இல்லையே? குமிழி இங்கே கிளம்பி, காந்தப்புலக் கோடுகள் வழியே வடக்கேயும் தெற்கேயும் பரவி, தள்ளியிருக்கும் இடங்களில்தான் உக்கிரம் என்று படித்த ஞாபகம்.

காந்தக்கோடு:

ஆமாம் சார், உக்கிரம் வடக்கே அகமதாபாத், கொல்கத்தா அட்சரேகைப் பக்கம்தான். அங்கேயும் சோதிக்க வேண்டும். குமிழி பிறக்கும் இடம் நம் தலைக்கு மேலே என்பதால் இங்கே முதலில் தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே மாலையில் அளந்தால்தான் பிரயோஜனம்.

உவரி அலை:

நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, ஆனால் போன் சமாச்சாரம் என்பதால் கேட்கிறேன். எங்கள் ஆட்கள் கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே டவர் போய்விடும். 2017 ஒக்கியில் கடலுக்குள் இருந்தவர்களிடம் புயல் வருகிறது என்று சொல்ல வழியில்லாமல் போனதை யாரும் மறக்கவில்லை. சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ளலாம் என்றால் நம் நாட்டில் அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். இப்போது படகுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கிறார்கள், குறுஞ்செய்தி போகும் வரும், நல்லதுதான், வீட்டோடு பேச முடியாது. இந்தப் புளூபேர்ட் தலைக்கு மேல் போகும்போது என் போனில் பேச முடியுமா, முடியாதா?

எங்கள் அப்பா காலத்தில் மொட்டைமாடியில் உயரமாகக் குழாய் நட்டு, பூஸ்டர் போட்டு, இலங்கை ரூபவாஹினி பார்த்தார்கள். அதற்கு யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை!

வர்ஜீனியா நெல்லைக்காரன்:

இப்போதைக்கு முடியாது அண்ணே. உங்கள் தலைக்கு மேல் போகும், ஆனால் பீம் அணைந்திருக்கும். எந்த நாட்டில் அனுமதி இருக்கிறதோ அந்த நாட்டின் மேல் வரும்போதுதான் போட முடியும். இந்தியாவில் வோடபோன் ஐடியாவோடு சேர்ந்து செய்யப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். அறிவிப்பு வேறு, அனுமதி வேறு. தொலைத்தொடர்புத் துறை அலைக்கற்றை தர வேண்டும், தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் அமைப்பும் சரி சொல்ல வேண்டும், பாதுகாப்புச் சோதனை முடிய வேண்டும். ஸ்டார்லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் உரிமம் இல்லாமல் முன்பதிவு வாங்காதே என்று அரசு நிறுத்தியது. உரிமமும் இன்-ஸ்பேஸ் அனுமதியும் கைக்கு வந்தது 2025 ஜூன், ஜூலையில்.

கடலில் இன்னொரு சிக்கல். நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல். உங்கள் ஆட்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள். அங்கே தரை டவருக்கு இடையூறு என்ற பேச்சே இல்லை, ஆனால் உங்கள் போன் எந்த நாட்டுக் கம்பெனியின் அலையில் பேசும் என்ற கேள்வி வரும்.

ரூபவாஹினியின் அலையை நீங்கள் பிடித்தீர்கள், அனுப்பவில்லை. அலையை அனுப்புகிறவனைத்தான் உரிமம் கேட்பார்கள்.

பணகுடிக்காரன்:

உவரி அண்ணன் கேட்டதைப் பார்த்தபின் என் கேள்வியைத் திருத்திக் கேட்கிறேன். அனுமதி வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அனுமதிக்கு எடுத்துக்கொள்ளும் காலத்தை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாலு வருடம் என்பது சோதனைக்கான காலமா, யோசனைக்கான காலமா?

பாளை பெருசு:

இதில் நான் உன் பக்கம். நம் நாட்டில் 1885 தந்திச் சட்டத்தையும் 1933 வயர்லெஸ் சட்டத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்டினோம். அவற்றின் இடத்தில் புதுச் சட்டம் வந்ததே 2023இல்தான். தனியார் சாட்டிலைட்டுக்கு ஒரே வாசலாக இருக்கட்டும் என்று 2020இல் இன்-ஸ்பேஸ் வந்தது. விரிவான நடைமுறை விதிகள் 2024 மே மாதம் வெளியாயின. விண்வெளிப் பக்கம் ஒரே வாசல் ஆகிவிட்டது. அலைவரிசைக்கு இன்னும் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசை ஒதுக்கும் பிரிவான டபிள்யூபிசி கதவைத் தட்ட வேண்டும். தரையில் டிஷ் வைக்கும் இடத்துக்கு சாக்ஃபா அனுமதி தனி. ஐடியூவுக்குப் போகும் ஆவணத்தை எந்தக் கம்பெனியும் நேராகப் போட முடியாது, நாட்டின் பெயரில் அரசுதான் போட வேண்டும். போட்ட நாளிலிருந்து ஏழு வருடத்துக்குள் அந்த இடத்தில் சாட்டிலைட்டை நிறுத்தி, புவிநிலை என்றால் தொடர்ந்து 90 நாள் இருத்திக் காட்டவில்லையென்றால் இடம் போய்விடும். ஆக, தாமதம் கம்பெனிக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

வர்ஜீனியா நெல்லைக்காரன்:

தாமதம் ஒருபுறம். எனக்கு அதைவிடப் பெரிய குறை வெளிப்படைத்தன்மை. எஃப்சிசிக்குப் போகும் விண்ணப்பத்தை நீங்கள் மேலப்பாளையத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கலாம். போட்டிக் கம்பெனிக்காரனும் படிப்பான், ஓட்டை கண்டுபிடித்துக் கடிதம் போடுவான். 2024இல் ஸ்பேஸ்எக்ஸ் தன் போன் சேவைக்காகப் பக்கத்து அலைவரிசையில் கசியும் திறனின் வரம்பைத் தளர்த்தக் கேட்டபோது ஏடி அண்ட் டியும் வெரைசனும் எதிர்த்து எழுதின. 2025 மார்ச்சில் நிபந்தனைகளோடு தளர்வு கிடைத்தது. நடுவில் இருதரப்பும் போட்ட கணக்குகள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. பொறாமையில் எழுதினாலும் கணக்கு சரியாக இருந்தால் படிப்பவனுக்கு லாபம். நம்மிடம் அனுமதி பெற்றவர்கள் யார் என்ற பட்டியல் வெளியாகிறது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது தெரிந்தால்தானே அம்பை கேபிள் மாதிரி ஒருவர் ‘என் டிஷ்ஷுக்கு என்ன ஆகும்’ என்று முன்கூட்டியே கேட்க முடியும்?

அம்பை கேபிள்:

அதைத்தான் நானும் சொல்கிறேன். பில்டர் காசையும் சேர்த்துக் கேட்டிருப்பேன்.

வி.கே.புரம் சங்கு:

பொறியியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்னத் தகவல்தொடர்புக் கருவி செய்கிறோம். பிஎஸ்எல்வியின் கடைசி அடுக்கை அப்படியே சுற்றவிட்டு அதில் கருவிகளை ஏற்றுகிறார்களே, போயம், அதில் இடம் கேட்கலாம் என்று எண்ணம். 2024 டிசம்பர் 30 போன போயம்-4இல் 24 கருவிகள் இருந்தன, அதில் கல்லூரிகளும் உண்டு. எங்களுடையது 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அமெச்சூர் அலைவரிசை. எங்களுக்கும் இத்தனை அனுமதி வேண்டுமா? எதில் தொடங்குவது?

பாளை பெருசு:

வேண்டும், ஆனால் பயப்படாதே. அளவு சின்னது, வரிசை அதேதான்.

அலைவரிசை ஒருங்கிணைப்புக்கு அமெச்சூர் சங்கங்களின் சர்வதேச அமைப்பு ஐஏஆர்யூவுக்கு முதலில் எழுதுங்கள். கருவி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வடிவமைப்பு நிலையிலேயே எழுதலாம். உங்களில் இரண்டு பேராவது அமெச்சூர் ரேடியோத் தேர்வு எழுதி உரிமம் வாங்குங்கள். தரையிலிருந்து கட்டளை அனுப்பப் போகிறீர்கள் என்றால் அது இல்லாமல் முடியாது. இன்-ஸ்பேஸ் விண்ணப்பமும் டபிள்யூபிசி வேலையும் கல்லூரியின் பெயரில் போகட்டும். மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவீர்கள், கடிதத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. உங்கள் கருவியை எப்படி அணைப்பீர்கள்? கட்டளை போகாவிட்டால் தானாக எத்தனை மணி நேரத்தில் அணையும்? ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது கூப்பிட்டால் யார் எடுப்பது? என்ன செய்யப் போகிறோம் என்று எல்லோரும் பத்துப் பக்கம் எழுதிவிடுவார்கள். விண்ணப்பத்தைப் படிக்கிறவர் முதலில் தேடுவது அணைக்கும் வழியை.

வி.கே.புரம் சங்கு:

தானாக அணைவது இன்னும் வடிவமைப்பிலேயே இல்லை சார். சேர்த்துவிட்டு அனுப்புகிறேன். கல்லூரி மாடியில் யாகி ஆன்டெனா நிறுத்த உயரமான குழாய் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அம்பை கேபிள்:

என்னிடம் பழைய மாஸ்ட் குழாய் இரண்டு கிடக்கிறது தம்பி, கிளாம்ப்போடு. துருவைச் சுரண்டி பெயிண்ட் அடித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வா. ஆட்டோவில் ஏறாது, லோடு வண்டி பேசிக்கொண்டு வா.